புறக்கோள்களைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறோம்? போகத்தான் முடியாதே!

#1 ஒயிட்ஃபீல்டு வாசி

கேள்வி நேரடியானது. புறக்கோள்கள் என்றால் சூரியனல்லாத வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள். உறுதி செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டதாக 2025 செப்டம்பரில் நாசா அறிவித்தது. அடிக்கடி "பூமியின் இரட்டை", "உயிர் வாழத் தகுந்த புதிய கோள்" என்று தலைப்புகள் வருகின்றன. உள்ளே போய்ப் படித்தால் 40 ஒளியாண்டு, 124 ஒளியாண்டு என்று இருக்கிறது (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு). மனிதன் அனுப்பியதில் மிகத் தொலைவில் இருக்கும் வாயேஜர் 1, 1977-ல் கிளம்பியது. இத்தனை வருடம் ஓடியும் ஒளி ஒரே நாளில் கடக்கும் தூரத்தைத்தான் இப்போது எட்டிப் பிடிக்கிறது.

அப்படியானால் இந்தத் தேடல் எதற்கு? நம் பெங்களூரில் இஸ்ரோவும் இருக்கிறது, கோரமங்களாவில் வானியற்பியல் நிறுவனமும் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் கட்டாயம் இருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் வீட்டில் துளைத்தெடுக்கிறாள். கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

#2 எதிர்க்கேள்வி

சில்க் போர்டு சிக்னலைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகிறது, நீங்கள் பிராக்சிமா செண்டாரிக்குக் கிளம்புகிறீர்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா, 4.24 ஒளியாண்டு. வாயேஜரின் வேகம் நொடிக்கு 17 கி.மீ. வகுத்தால் சுமார் 75,000 ஆண்டுகள். வாயேஜர் அந்தத் திசையில் போகவே இல்லை என்பது தனி. பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பரில் நொடிக்கு 192 கி.மீ. தொட்டது என்று யாராவது சொல்வீர்கள். அது சூரியனை நோக்கி விழுந்ததால் வந்த வேகம், வெளியே போவதற்கு உதவாது.

பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளுவதை நிறுத்தத் தெரியாத நமக்கு, அடுத்த சூரியனில் இருக்கும் கடல் எதற்கு?

#3 மங்கலான மீன்

ஆராய்ச்சி மாணவன். ஆனால் இங்கே எழுதுவது என் சொந்தக் கருத்து, எந்த நிறுவனத்தின் சார்பிலும் அல்ல.

வாசி சார், இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பார்ப்பது ஒன்று, போவது இன்னொன்று. பார்ப்பவர்கள் யாரும் குடிபோவதற்கு இடம் தேடவில்லை. பூமி மாதிரி ஒன்று சர்வசாதாரணமா, அபூர்வமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் காண அங்கே போக வேண்டியதில்லை, அங்கிருந்து வரும் ஒளி போதும்.

அப்புறம், செய்தியில் வரும் "உயிர் வாழத் தகுந்த" என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தாய்மீனிலிருந்து (கோள் சுற்றும் விண்மீன்), மேற்பரப்பில் நீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில் கோள் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். வெளியிலிருந்து யாராவது நம் சூரியக் குடும்பத்தைப் பார்த்தால் வெள்ளியையும் கிட்டத்தட்ட அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். வெள்ளியின் தரையில் ஈயம் உருகும்.

ட்ராப்பிஸ்ட்-1 ஒரு நல்ல உதாரணம். 40 ஒளியாண்டு தொலைவில் ஒரு சிவப்புக் குறுமீன் (சிறிய, மங்கலான விண்மீன்), அதைச் சுற்றிப் பூமி அளவில் ஏழு கோள்கள். 2017-ல் ஏழும் அறிவிக்கப்பட்டபோது எல்லாரும் குதித்தோம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி முதல் கோளான 'பி'-யின் வெப்பத்தை அளந்தது. பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ். காற்று மண்டலம் இருந்தால் வெப்பம் இரவுப் பக்கமும் பரவி, பகல் பக்கம் இதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். ஆக, அது ஏறக்குறைய வெறும் பாறை. அடுத்த 'சி'-யிலும் தடிமனான காற்று இருப்பதாகத் தெரியவில்லை. சரியான தூரத்தில் இருக்கும் 'இ'-யைப் பற்றி 2025-ல் வந்த முதல் முடிவுகள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

124 ஒளியாண்டு என்று நீங்கள் சொன்னது கே2-18பி. பூமியைப் போல் 2.6 மடங்கு விட்டம், எட்டரை மடங்குக்கு மேல் நிறை. மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதை வெப் 2023-ல் காட்டியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு (அவர் பனாரஸ் ஐஐடியில் பொறியியல் படித்தவர்) டைமெத்தில் சல்ஃபைடின் அறிகுறி தெரிவதாகச் சொன்னது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. ஆனால் அது மூன்று சிக்மா அளவிலான சான்று (சிக்மா கூடக் கூட, அது தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும்). எங்கள் துறையில் ஐந்து சிக்மாவுக்குக் குறைந்தால் கொண்டாட மாட்டோம். அதே தரவை மற்ற குழுக்கள் அலசியபோது அந்த அறிகுறி கரைந்துபோனது. போதாக்குறைக்கு, உயிரே இல்லாத 67பி வால்மீனிலும் அதே வாயு தென்பட்டிருக்கிறது.

#4 அல்சூர் அக்கா

தம்பி சொன்னதோடு ஒரு பழைய கதையையும் சேர்க்கிறேன். நம்ம ஊர்க் கதை.

சூரியனைத் தவிர வேறொரு விண்மீனுக்குக் கோள் இருக்கிறது என்று வானியல் இதழில் முதன்முதலில் வாதாடியவர்களில் ஒருவர் சென்னையில் உட்கார்ந்து எழுதினார். ஆண்டு 1855. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகம். அதன் தலைவர் கேப்டன் ஜேக்கப். 70 ஒஃபியூக்கி ஓர் இரட்டை மீன். இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் பாதை கணக்கோடு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுப்பதற்கு மிகுந்த வாய்ப்பு இருப்பதாக ஜேக்கப் எழுதினார். நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஒருவர் அதே மீனுக்கு அதே மாதிரி உரிமை கொண்டாடினார். அப்படியொரு துணை அங்கே நிலைத்திருக்கவே முடியாது என்று 1899-ல் மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இன்றுவரை அங்கே கோள் எதுவும் உறுதியாகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கோரமங்களா நிறுவனத்தின் குடும்ப மரத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் கொடைக்கானல் வழியாக நேரே அந்த நுங்கம்பாக்கத்துக்குத்தான் போய்ச் சேரும்.

பர்னார்டு மீன் கதை இன்னும் ருசியானது. 1960-களில் வான் டி காம்ப் என்பவர் அதற்கு வியாழன் மாதிரி ஒரு கோள் உண்டு என்றார். மீன் தள்ளாடுவதாக அவர் கண்டது, தொலைநோக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியபோது வந்த மாற்றம் என்று பிறகு தெரிந்தது. ஆறு ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அதே மீனைச் சுற்றி நான்கு குட்டிக் கோள்கள் இருப்பது 2025-ல் உறுதியாகியிருக்கிறது. ஒவ்வொன்றும் பூமியின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. வான் டி காம்ப் சொன்னதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

#5 எதிர்க்கேள்வி

ஆக 1855-லிருந்து புருடாதான் என்று அக்காவே ஒப்புக்கொள்கிறார். நன்றி.

#6 மங்கலான மீன்

அக்கா சொன்னது அதுவல்ல என்று உங்களுக்கே தெரியும், எதிர்க்கேள்வி சார். அன்றும் இன்றும் தடுக்குவது ஒரே இடத்தில்தான். கோளைவிட அதைச் சுற்றியுள்ள சத்தம் பெரிது.

கோள் தன் ஈர்ப்பால் விண்மீனைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டும், அதை வைத்துத்தான் கோளைக் கண்டுபிடிக்கிறோம். வியாழன் சூரியனை நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமி ஆட்டுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர். எறும்பு ஊர்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதை ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து நிறமாலையில் பிடிக்க வேண்டும். 1995-ல் மேயரும் கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனில் பிடித்தது நொடிக்கு 50 மீட்டருக்கு மேல், அதனால்தான் சிக்கியது. அதற்குத்தான் 2019-ல் நோபல். இன்று சிலியில் இருக்கும் எஸ்பிரெசோ மாதிரியான கருவிகள் சென்டிமீட்டர் கணக்குக்கு இறங்கி வந்துவிட்டன. ஆனால் விண்மீனின் மேற்பரப்பே கொதித்து மேலும் கீழும் புரள்கிறதே! அந்தப் புரளல் நொடிக்கு மீட்டர் கணக்கில் இருக்கும். பெரிய கண்ணாடி வாங்கிவிட்டால் இது தீராது. விண்மீனையே இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். என் பார்வையில் பூமி மாதிரிக் கோள் தேடலின் உண்மையான முட்டுக்கட்டை இதுதான். செய்தித்தாளில் இது வரவே வராது.

நம் நாட்டில் இந்த வேலையைச் செய்வது அபு மலையில் உள்ள அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் பாரஸ் கருவிகள். 2018-ல் சுமார் 600 ஒளியாண்டு தொலைவில், பூமியைப் போல் 27 மடங்கு நிறையுள்ள ஒரு கோளை உறுதி செய்தார்கள். இப்போது 2.5 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ்-2 இயங்குகிறது. நிறமாலைமானியை வெற்றிடத் தொட்டிக்குள் வைத்து, வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அசையாமல் காக்கிறார்கள். கருவி கொஞ்சம் சூடாகி விரிந்தால் போதும், இல்லாத கோள் முளைத்துவிடும்.

#7 மொட்டைமாடி

பெரியவர்கள் அபு மலை, சிலி என்று பேசும்போது நான் பிடிஎம் லேஅவுட் மொட்டைமாடியைப் பற்றிச் சொல்கிறேன்.

எட்டு அங்குலத் தொலைநோக்கியும் சாதாரண கேமராவும் இருந்தால் புறக்கோளின் நிழலை நம் ஊரிலேயே பிடிக்கலாம். எச்டி 189733பி நல்ல இலக்கு. தாய்மீனின் பொலிவெண் எட்டுக்கு அருகில் இருப்பதால் (எண் கூடக் கூட மீன் மங்கும்), கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சின்னத் தொலைநோக்கிக்கே பளிச்சென்று இருக்கும். டம்பெல் நெபுலாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தேடுவதும் சுலபம். 2.2 நாளுக்கு ஒரு முறை கோள் குறுக்கே போகும்போது ஒளி கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம் குறையும். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மழை மேகம் விலகிய அக்டோபர், நவம்பர் மாலைகள்தான் நமக்கு வாய்ப்பு.

ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட வேண்டும். புள்ளியாக இருக்கும் மீன் வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு பரவும். அப்போதுதான் ஒளி பல பிக்சல்களில் விழுந்து அளவு சீராக இருக்கும். அதே படத்தில் இருக்கும் வேறு மூன்று நான்கு மீன்களோடு ஒப்பிட்டுக்கொண்டே வர வேண்டும். மெல்லிய மேகம் கடந்தால் எல்லா மீனும் சேர்ந்து மங்கும், கோள் கடந்தால் ஒன்று மட்டும் மங்கும். எதிர்வீட்டு எல்இடி விளக்கும் மெட்ரோ வேலைக்குப் போட்ட ஃப்ளட்லைட்டும் பின்னணியை வெளுக்க அடிக்கும், ஆனால் இந்த முறையில் அதையும் கழித்துவிடலாம். புள்ளிகள் எல்லாம் சிதறித்தான் கிடக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்துப் போட்டால் பள்ளம் தெளிவாக எழுந்து நிற்கும்.

பூமி மாதிரி ஒன்றை இப்படிப் பிடிக்க முடியாது. சூரியனின் குறுக்கே பூமி போனால் ஒளி 0.008 சதவீதம்தான் குறையும். அதையும் ஆண்டுக்கு ஒரு முறை, 13 மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். அதற்குத்தான் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி மாதிரி வானத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது.

#8 பழைய பொறியாளர்

ஆண்டெனா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பார்ப்பதைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டீர்கள், போவதைப் பற்றி நான் பேசுகிறேன்.

ராக்கெட்தான் பிரச்சினை என்று பொதுவாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது. முதல் இரண்டு, மின்சாரமும் குரலும்.

மின்சாரம்: வியாழன் பக்கம் சூரிய ஒளி இங்கே கிடைப்பதில் 27-ல் ஒரு பங்கு. 2024 அக்டோபரில் வியாழனை நோக்கிக் கிளம்பிய யுரோப்பா கிளிப்பர் அந்த வெளிச்சத்தில் வேலை செய்ய 30 மீட்டருக்கு மேல் விரியும் பலகைகளைச் சுமந்து போகிறது. அதைத் தாண்டினால், கதிரியக்கத்தால் தானே வெப்பம் தரும் புளூட்டோனியம்-238 தவிர வேறு வழி இல்லை. அந்த வெப்பத்தை மின்சாரமாக்குவார்கள். வாயேஜரில் இருப்பது அதுதான். கிளம்பும்போது 470 வாட், ஆண்டுக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருவதால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வகை மின்கலம் நம்மிடம் இன்னும் பறக்கவில்லை. சந்திரயான்-3 உந்துகலத்தில் 1 வாட் வெப்பம் தரும் இரண்டு சிறு கதிரியக்க அலகுகளைச் சோதனைக்காக வைத்தார்கள். லேண்டரிலும் ரோவரிலும் அவை இல்லை. நிலவின் இரவில் விக்ரம் தூங்கி எழாததன் காரணம் அந்தக் குளிர். ஒரு நிலவு இரவைத் தாண்ட முடியாதவன் சனிக்கு அப்பால் போவதைப் பற்றிப் பேசும் முன் இந்த ஒன்றைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் பழைய பாட்டு.

குரல்: ராமநகரப் பக்கம் பயலாலுவில் 32 மீட்டர் ஆண்டெனா நிற்கிறது. 2008-ல் சந்திரயான்-1-க்காக வந்தது. சுற்றிலும் மேடு, நடுவில் கிண்ணம் போன்ற நிலம். ஊரின் வானொலி இரைச்சல் உள்ளே வராது என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மங்கள்யானையும் ஆதித்யா எல்-1-ஐயும் அங்கிருந்துதான் கேட்டோம். வாயேஜர் அனுப்புவது 20 வாட்டுக்குக் கொஞ்சம் அதிகம், ஒரு பல்புக்கான சக்தி. 2,500 கோடி கி.மீ. கடந்து வரும் அதை நாசா 70 மீட்டர் தட்டு வைத்து, நொடிக்கு 160 பிட் வேகத்தில் வடிகட்டி எடுக்கிறது. பிராக்சிமா அதைப்போல் 1,600 மடங்கு தூரம். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குரல் தேயும். ஆக, 25 லட்சம் மடங்கு மங்கல். கலம் போய்ச் சேர்ந்தாலும் அது பேசுவது நமக்குக் கேட்காது.

#9 ஒயிட்ஃபீல்டு வாசி

ஐயா, 2016-ல் ஸ்டார்ஷாட் என்று அறிவித்தார்களே? கிராம் கணக்கில் எடையுள்ள சில்லை லேசர் அடித்து ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தள்ளுவது. ஹாக்கிங்கூட மேடையில் இருந்தார்.

#10 பழைய பொறியாளர்

இயற்பியலில் ஓட்டை இல்லை தம்பி. ஒளியே தள்ளும் என்பதை ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் தன் பாய்மரத்தை விரித்து 2010-லேயே காட்டிவிட்டது. ஆனால் இந்த லேசருக்குச் சில நிமிடம் 100 கிகாவாட் வேண்டும். இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறனே 500 கிகாவாட் அளவில்தான். சரி, மின்சாரத்தைச் சேமித்துவைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 20 ஆண்டில் போய், சில மணி நேரத்தில் கோளைக் கடந்துவிடும். ஒரு கிராம் சில்லு அங்கிருந்து எதைக்கொண்டு பேசும்? இதற்கு நான் ஏற்கும்படியான பதிலை யாரும் இதுவரை சொல்லவில்லை.

எனக்கு உற்சாகம் தருவது சைக்கி விண்கலத்தில் இருந்த லேசர் தொடர்புக் கருவி. 2023 டிசம்பரில் 3.1 கோடி கி.மீ. தூரத்திலிருந்து நொடிக்கு 267 மெகாபிட் வேகத்தில் வீடியோ அனுப்பியது (பூனை வீடியோ, வேறென்ன!). 22 கோடி கி.மீ.க்கு மேல் போன பிறகும் 25 மெகாபிட் வந்தது. விண்மீனுக்குப் போகாவிட்டாலும் யுரேனஸுக்குப் போனால் இது உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்திரயான்-3 உந்துகலத்தில் ஷேப் என்ற கருவி இருந்தது. அதன் வேலை, தூரத்திலிருந்து பூமியின் அகச்சிவப்பு ஒளியை, பூமியும் ஒரு புறக்கோள் என்பது போல அளப்பது. உயிர் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரே கோள் இதுதானே. அது புள்ளியாகத் தெரியும்போது எப்படி இருக்கும் என்ற மாதிரி கையில் இருந்தால்தான் மற்றதை ஒப்பிடலாம். லேண்டர் இறங்கிய கைதட்டலில் இது யார் காதிலும் விழவில்லை.

#11 எதிர்க்கேள்வி

ஷேப் மாதிரி மலிவான வேலைக்கு நான் எதிரி இல்லை. இந்தியாவும் பங்கேற்கும், முப்பது மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பன்னாட்டுத் தொலைநோக்கிக்கு என்ன சொல்கிறீர்கள்? 2014-ல் மத்திய அமைச்சரவை சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. ஹவாயில் மவுனா கேயா மலையைப் புனிதமாகக் கருதும் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். இன்றுவரை கட்டுமானம் எழவில்லை. மங்கள்யான் முழுவதுக்கும் 450 கோடிதான் ஆனது.

#12 மங்கலான மீன்

இதில் நான் உங்கள் பக்கம் பாதி. அமெரிக்க அரசின் 2026 நிதிநிலை முன்மொழிவு போட்டித் திட்டமான மாபெரும் மெகல்லனைத்தான் முன்னே நகர்த்தியது. லா பால்மா தீவுக்கு வந்தால் 40 கோடி யூரோ தருகிறோம் என்கிறது ஸ்பெயின். ஐரோப்பியர்களோ சிலியில் 39 மீட்டரைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். யார் முதலில் பிராக்சிமாவைச் சுற்றும் 'பி' கோளின் காற்றைப் பார்ப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மறு பாதி இது. அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி 492 துண்டுகள் சேர்ந்தது. நம் பங்குத் துண்டுகளை மெருகேற்ற ஹொசக்கோட்டையில் கூடம் அமைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் அகலம், மேற்பரப்பு நானோமீட்டர் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். தொலைநோக்கி எழுந்தாலும் எழாவிட்டாலும் அந்தக் கை இங்கே தங்கும். ஆதித்யாவின் சூரிய ஒளிவட்டக் கருவியும் அதே வளாகத்தில் உருவானதுதான், லடாக் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை இயக்குவதும் அங்கிருந்துதான். நான் கணக்கெழுதினால், அடுத்த ரூபாயை முப்பது மீட்டருக்குக் கொடுக்காமல் நமக்கே சொந்தமான நடுத்தர விண்வெளித் தொலைநோக்கி ஒன்றுக்குக் கொடுப்பேன்.

#13 பழைய பொறியாளர்

நான் கணக்கெழுதினால் புளூட்டோனியத்துக்கு.

#14 ஒயிட்ஃபீல்டு வாசி

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையைப் படித்துவிட்டு மகள், புறக்கோள் தேடும் நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் பொதுத் தரவை இறக்கி, லைட்கர்வ் என்ற பைதான் நிரலால் வரைந்து பார்த்தாள். ஒரு மீனில் மூன்று நாளுக்கு ஒரு முறை பள்ளம் விழுகிறது. நான்கு சதவீத ஆழம், அடியில் தட்டையாக இல்லாமல் கூராக. யாரும் இதைப் பட்டியலில் போடவில்லை என்கிறாள். கோளாக இருக்குமா?

#15 மொட்டைமாடி

வாசி சார், கூரான அடி என்றால் பெரும்பாலும் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று மறைப்பதுதான். முடிவு கட்டும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒன்று, மூன்று, ஐந்தாவது பள்ளங்களைத் தனியாகவும் இரண்டு, நான்கு, ஆறாவதைத் தனியாகவும் அடுக்கட்டும். இரண்டு அடுக்கின் ஆழமும் வித்தியாசப்பட்டால் அது இரட்டை மீன், உண்மையான சுற்று ஆறு நாள். ஒரே ஆழம் வந்தால் பக்கத்தில் வேறு மீன் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட் அகலம் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்), அதற்குள் நாலைந்து மீன் ஒளிந்துகொள்ளலாம். மீனின் டிஐசி எண்ணை (டெஸ் பட்டியலில் அதன் எண்) இங்கே போடச் சொல்லுங்கள். வானம் தெளிந்தால் மாடியிலிருந்து நானும் பார்க்கிறேன்.